ஒரே குவியலில் இரண்டு டப்பா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் அம்மா, என் கணவர், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பெண் எல்லாரும் இதற்குச் சாட்சி. நர்ஸ் வேலையில் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே என்னைச் சிரிக்க வைத்தவர் ஒருவர்தான். கிளியனூர் லூர்துமேரி.

நான் மேரியக்கா என்பேன். ஆள் குள்ளம். குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. மாதா கோயிலில் அவர் பாட்டை எடுத்துக்கொடுத்தால் மைக் தேவையில்லை. மைக் இருந்தால், கூடப் பாடுகிற பிள்ளைகள் அதை மெதுவாகத் தள்ளி வைத்துவிடுவார்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நடவு, களை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஆய்வது என்று ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் உழைத்த கை. கணவர் சவுரிராயன் கட்டட வேலைக்குப் போகிறவர். அவர் வாய்திறந்து நான் பார்த்ததில்லை. "அவருக்கும் சேத்து நானே பேசிடறேன். பாவம், மனுசன் களைச்சுப் போய் வர்றாரு" என்பார் மேரியக்கா. ஒரே மகள் ஜெசிந்தாவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

மார்பில் கட்டி வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் நம் பெண்கள் அதைக் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று எதையாவது சொல்லி மறைப்பார்கள். மேரியக்காவுக்கு அந்தக் கதையெல்லாம் கிடையாது. ஓடுகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்ணிடம், "எனக்கு இந்தப் பக்கத்த எடுத்துட்டாங்கம்மா. நீ போய்க் காட்டிக்கினியா? ஜல்தியா போய்க் காட்டு. வெக்கப்பட்டுக்கினு கெடக்காத" என்பார். கண்டக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அப்படி அவர் சொல்லி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் உண்டு. வந்து, நல்லபடியாக வீடு திரும்பியவர்களும் உண்டு.

ஆஸ்பத்திரி விழுப்புரத்தில். அங்கே டாக்டர் கிருஷ்ணவேணி ஒரு மருந்து ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் வாயில் அது ஸ்டடி. ஆபரேஷன் முடிந்து, ஊசி முடிந்து, கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சும் வைத்து முடித்த பெண்களுக்கு அந்த நோய் திரும்பி வராமல் தடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. வேறொரு நோய்க்குப் பல காலமாகக் கொடுத்துவரும் பழைய மாத்திரை ஒன்று அதைச் செய்யுமோ என்று பெரிய டாக்டர்களுக்கு ஒரு நம்பிக்கை. பல ஊர்களில், பல ஆஸ்பத்திரிகளில், ஆயிரக்கணக்கான பெண்கள் இதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. யார் டப்பாவில் எது இருக்கிறது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கும் எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து வைத்திருந்தது.

சேரும்போது இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். சொன்னேன். மேரியக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, "டாக்டரம்மாவுக்கே தெரியாதா?" என்றார்.

"தெரியாதுக்கா."

"அப்ப நம்ம எல்லாரும் ஒண்ணுதான். குடு, கையெழுத்துப் போடறேன்."

அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்ததாகக் கையெழுத்துப் போட்டவர் அஞ்சம்மாள். அதே கிளியனூர். அரை காணி நிலம் உள்ள குடும்பம். ஒல்லியான உடம்பு, அளந்து அளந்து பேசுகிற வாய். இவர் ஊருக்குள் இருக்கிறார், மேரியக்கா காலனியில் இருக்கிறார். எத்தனையோ வருஷமாக ஒருவரை ஒருவர் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் அஞ்சம்மாள் சொம்பை உயர்த்தித் தண்ணீர் ஊற்ற, மேரியக்கா கையைக் குவித்துத்தான் குடித்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நோய் வந்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஊசி ஏற்றிக்கொண்டு, முடியெல்லாம் கொட்டிப்போன பிறகுதான் அது மாறியது. "ரெண்டு மொட்டத் தலைல எது ஊரு, எது காலனி, யாருக்குத் தெரியும்?" என்று மேரியக்கா கேட்பார். அஞ்சம்மாள் தன் டம்ளரில் மீதியிருக்கும் காப்பியை அவர் பக்கம் நகர்த்திவைப்பார்.

இவர்கள் இருவரும் எப்படி ஜோடி ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

செடியிலிருந்து மல்லாட்டைக் காயைப் பறிப்பதை எங்கள் பக்கம் ஆய்வது என்பார்கள். ஆயப் போகிற பெண்கள் தனித்தனியாக உட்கார்வதில்லை. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து உட்கார்ந்து, நடுவில் ஒரே குவியலாகப் போடுவார்கள். சாயங்காலம் நிலத்துக்காரர் அளந்து கொடுக்கும் காயை ஆளுக்குப் பாதி என்று கூறு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி கை வேகம், ஒருத்தி கை மெதுவு, ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து போனாள், அதெல்லாம் கணக்கில்லை. பாதி என்றால் பாதிதான். அதேபோல, கூறு போடுவதற்கு முன்னால் குவியலிலிருந்து எடுத்து மடியில் கட்டக் கூடாது. பசிக்கு நாலு காய் உரித்து வாயில் போடலாம், கட்டினால் திருட்டு. கட்டுகிறவளோடு அப்புறம் யாரும் ஜோடி சேரமாட்டார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இருவருக்கும் ஒரு கை வீங்கிவிட்டது. வேகமாக ஆய முடியாது. யார் வாயால் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அவர்களோடு ஜோடி சேர ஆள் இல்லாமல் போனது. மேரியக்கா ஒரு நாள் பெண்கள் எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்துவிட்ட நிலத்தில் தனியாக நின்றிருக்கிறார். அன்றைக்கு ஆயவந்திருந்த அஞ்சம்மாள் தன் இடத்தைவிட்டு எழுந்து வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு கைதான். ஒக்காரு மேரி, ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆளு கணக்கு" என்றிருக்கிறார். அன்றையிலிருந்து இருவரும் ஒரே குவியல். இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் மேரியக்காவின் குரல் ஒரு சாதாரண மனுஷியின் அளவுக்கு இறங்கும்.

ஸ்டடியில் சேர்ந்த பிறகு அவர்களைப் போல ஒழுங்கானவர்களை நான் பார்த்ததில்லை. நான் போகும்போது டப்பா காலியாகச் சுத்தமாக இருக்கும். ஒரு வேளை தவறியது கிடையாது. மற்ற ஊர்களுக்குப் போகும்போதெல்லாம், "கிளியனூர்ல ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டேன். மேரியக்கா வீட்டில் இல்லை. சவுரிராயன் வழக்கப்படி பேசாமல், வயல் பக்கம் இருந்த மோட்டார் கொட்டகையைக் கைகாட்டினார். போனேன். கொட்டகைக்குள் இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு துண்டு விரித்திருந்தது. துண்டின் மேல் மாத்திரைகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் லூர்துமேரி என்று ஒட்டிய டப்பாவும் அஞ்சம்மாள் என்று ஒட்டிய டப்பாவும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மேரியக்கா குவியலைக் கையால் நன்றாகக் கலந்துவிட்டு, "இது உனக்கு, இது எனக்கு" என்று கூறு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது!"

கொஞ்சமாவது பதறவேண்டுமே. "வாம்மா சிஸ்டரு, ஒக்காரு. பங்கு போட்டுக்கினு கீறோம்" என்றார்.

"எப்ப இருந்து இந்த வேலை?"

"மொத டப்பா குடுத்தியே, அன்னைலேர்ந்து."

அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. "உங்க டப்பா உங்களுக்கு, அவங்க டப்பா அவங்களுக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா? காதுல வாங்கினீங்களா இல்லியா? நான் ஊரெல்லாம் உங்களப் பத்திப் பெருமையா சொல்லிட்டு வர்றேன், நீங்க இங்க ஒக்காந்து..."

"எல்லாம் வாங்கினேம்மா. ஒரு டப்பால மருந்து இருக்கும், இன்னொண்ணுல சும்மா மாத்திரை இருக்கும்னு நீதான சொன்னே? எதுல எதுன்னு யாருக்கும் தெரியாதுன்னும் நீதான சொன்னே? கலந்து ஆளுக்குப் பாதி துன்னா, ரெண்டு பேருக்கும் பாதி மருந்தாவது கெடைக்குமில்ல? நான் மட்டும் பொழைச்சு அவ போயிட்டா, இல்ல அவ பொழைச்சு நான் போயிட்டா, அது இன்னா நாயம்?"

"எது நல்லதுன்னே தெரியாதப்ப எதுக்குக்கா பங்கு போடறீங்க?"

"தெரியாததாலதாம்மா பங்கு. இதுதான் நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா பங்கு எதுக்கு? முழுசா அவளுக்கே குடுத்துட மாட்டேனா?"

"இவ குடுப்பா, நான் வாங்கிக்குவேன்" என்றார் அஞ்சம்மாள், தலையைத் தூக்காமல். "நீ கத்தாதம்மா. தண்ணி குடிக்கிறியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கோபமும் போகவில்லை. மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், துண்டில் கிடந்த மாத்திரைகளையெல்லாம் வாரிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்படி இரண்டு பேர் கலந்து சாப்பிட்டால், மருந்து சாப்பிட்டவர் யார், சாப்பிடாதவர் யார் என்பதே இல்லாமல் போய்விடும். மருந்து வேலை செய்கிறதா என்று எதைவைத்துச் சொல்வது? இதை மறைக்கக் கூடாது, டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். சொன்னேன். டாக்டர் கிருஷ்ணவேணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் குழுவுக்கு எழுதினார். எனக்கு இருந்த பயம் ஒன்றுதான், இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று. ஸ்டடியில் இருக்கும்வரை தவறாமல் கூப்பிட்டு, தடவிப் பார்த்து, படம் எடுத்து, நோய் திரும்புகிறதா என்று கவனிப்பார்கள். அது இல்லையென்றால் அறுவடை, கல்யாணம், காதுகுத்து என்று இவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரியும்.

நல்லவேளை, குழு வெளியே அனுப்பவில்லை. நடந்ததை நடந்தபடி பதிந்துகொண்டு, இனிமேல் அவரவர் டப்பாவை அவரவர் சாப்பிட ஒப்புக்கொண்டால் தொடரலாம் என்றது. இருவரையும் விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனேன். அஞ்சம்மாள் தலையாட்டிவிட்டார். மேரியக்கா மட்டும் அசையவில்லை.

"சரின்னு இங்க சொல்லிட்டு அங்க போய்க் கலக்க மாட்டேன் டாக்டரம்மா. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால சரின்னு சொல்லல" என்றார்.

டாக்டர் காகிதத்தில் வட்டம் போட்டு, கோடு போட்டு, அரை மணி நேரம் விளக்கினார். மேரியக்கா மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும் அதே பதிலைச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் ஏறிவிட்டது.

"அக்கா, ஆஞ்சுக்கினு இருக்கும்போதே எவளாவது மடியில கட்டினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கொண்டையப் புடிச்சு இழுப்பேன்."

"ஏன்? அவளும்தானே ஆஞ்சா?"

"ஆஞ்சா இன்னா? குவியலு பொதுவாச்சே. கூறு போட்டப்பறம் எடுத்துக்கினு போவட்டும்."

"இதுவும் குவியல்தான். எங்கெங்கயோ இருக்கிற ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சேர்ந்து ஆயற குவியல். இன்னும் கூறு போடல. கூறு போடற அன்னைக்குத்தான் இந்த மாத்திரை நோயத் தடுக்குமா, தடுக்காதான்னு தெரியும். அந்தப் பங்கு இனிமே வரப்போற பொம்பளைங்களுக்கு. நாளைக்கு உங்க ஜெசிந்தாவுக்கே வேண்டியிருந்தாலும் இருக்கும். நீங்க ரெண்டு பேரும் இப்பவே மடியில கட்டிக்கினு கீறீங்க!"

மேரியக்கா தன் மடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கழுத்து ஜெபமாலையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "மாதா மேல சத்தியம். என் டப்பா எனக்கு, அவ டப்பா அவளுக்கு" என்றார். திரும்பி வரும்போது திண்டிவனம் வரைக்கும் அவர் பேசவேயில்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று நானே பயந்து இரண்டு தடவை கேட்டேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். அதில்தான் வினை வந்தது.

கலந்து சாப்பிட்ட காலத்தில் இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரத்தைக் குறைங்கள் என்று சொல்லி, அதற்கு மருந்தும் கொடுத்திருந்தோம். தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அஞ்சம்மாளுக்கு எரிச்சல் நின்றுவிட்டது. மேரியக்காவுக்கு அதிகமானது. ஒரு நாள் என்னைப் பஸ் ஸ்டாப்பில் தனியாக மடக்கினார்.

"சிஸ்டரு, நெஜ மாத்திரை என் டப்பாலதான் கீது."

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

"என் வவுறு சொல்லுதே. அவளுக்கு நின்னுபோச்சு, எனக்கு ஏறிக்கிச்சு."

"வயிறு எரியறதுக்கு ஆயிரம் காரணம் இருக்குக்கா. சும்மா மாத்திரை சாப்பிடறவங்களும் எரியுதுன்னு சொல்றாங்க" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்திருந்தால் முழுசா அவளுக்கே கொடுத்துவிடுவேன் என்று சொன்ன மனுஷி. இப்போது தெரிந்துவிட்டது என்று நம்புகிறார். கையில் சத்தியம் இருக்கிறது.

"மாதா மேல சொல்லிட்டேனே" என்றார். "பேஜாரு புடிச்ச சத்தியத்த வாங்கிட்டியேம்மா என்கிட்ட."

வயிறு எரிவதை டாக்டரிடம் சொல்லி, மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றி, எரிச்சலை ஓரளவு அடக்கினோம். மேரியக்கா தினமும் முழு மாத்திரையையும் விழுங்கினார். அஞ்சம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் குரலைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்கடுத்த வருஷம் வழக்கமான பரிசோதனையில் டாக்டர் கிருஷ்ணவேணியின் விரல் அஞ்சம்மாளின் பழைய தையல் ஓரத்தில் நின்றது. சின்னதாக ஒரு கட்டி. அஞ்சம்மாளுக்கே அது தெரியாது. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்ததில், திரும்பி வந்திருப்பது உறுதியானது. வேறெங்கும் பரவவில்லை. சீக்கிரம் பிடித்துவிட்டோம், எடுத்துவிட்டு மறுபடி கரண்ட் வைத்தால் நல்லபடியாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அஞ்சம்மாள் அதை அமைதியாகக் கேட்டுக்கொண்டு, "நெல்லு அறுக்கணும், அதுக்கு முன்ன முடிஞ்சிடுமா?" என்றார்.

வெளியே நடையில் மேரியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"மடியில கட்டலன்னு பெருமையா இருந்தேன் சிஸ்டரு. கட்டலதான். வாயில போட்டுக்கினேன். அவ பங்கையும் சேத்து நானே துன்னுட்டேன்."

"அக்கா, உங்க டப்பாவில எது இருந்தாலும், அது நோயத் தடுக்கும்னு இன்னும் யாருக்கும் தெரியாது. தடுக்காமலும் போகலாம்."

"தடுத்திருந்தா?"

யார் டப்பாவில் எது என்று கேட்டுச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. சொல்வதால் அஞ்சம்மாளின் சிகிச்சை எந்த வகையிலும் மாறப்போவதும் இல்லை. இதையெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். சரியாகச் சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அஞ்சம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மேரியக்கா கேப்பைக் கூழைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தார். அஞ்சம்மாளின் மருமகள் புனிதா, "நீங்க எதுக்கு மேரியம்மா அலையறீங்க, நான் பாத்துக்கறேன்" என்றால், "நீ ஊட்டைப் பாரு, இத்த நான் பாத்துக்கறேன்" என்பார். அஞ்சம்மாள் தேறியதும் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசைக்குப் போகவேண்டும் என்றார். துணைக்கு மேரியக்காவே போனார். அத்தனை கூட்டத்தில் கோயிலுக்கு வெளியே, இரண்டு பேர் செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "மாதா கோவிச்சுக்க மாட்டாளா?" என்று கேட்டேன். "சொல்லிட்டுத்தான் போனேன்" என்றார். ஆனால் பழைய மேரியக்கா இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பேசுவதை விட்டுவிட்டார். மாதா கோயிலில் மைக்கை யாரும் தள்ளி வைக்கவேண்டியிருக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஸ்டடி முடிந்தது. எல்லா ஊர்க் கணக்கும் சேர்ந்து முடிவு வந்தது. பங்கெடுத்தவர்களுக்கு முதலில் சொல்லவேண்டும் என்று டாக்டர் கிருஷ்ணவேணி பிடிவாதமாக இருந்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரி ஹாலில் நாற்காலி போட்டு, எல்லாரையும் வரவழைத்தோம். மேரியக்காவும் அஞ்சம்மாளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சம்மாள் புதுப் புடவை கட்டியிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். பல வருஷம் உழைத்தவர். முகம் வாடியிருந்தது.

"உங்க எல்லாருக்கும் நன்றி. இந்த மாத்திரை மேல நாங்க ரொம்ப நம்பிக்கை வெச்சிருந்தோம். ஆனா முடிவு நாங்க எதிர்பார்த்த மாதிரி வரல. மருந்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் சும்மா மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் நோய் திரும்பி வர்றதுல ஒரு வித்தியாசமும் இல்ல. இந்த மாத்திரை அதைத் தடுக்கல. எனக்கு வருத்தமாத்தான் இருக்கு."

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு குள்ளமான உருவம் எழுந்து நின்றது.

"டாக்டரம்மா, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

டாக்டர் சொன்னார்.

"தடுக்கவே தடுக்காதா?"

"தடுக்கலம்மா."

"அப்ப நெஜ டப்பாவையே ஒருத்தி முழுசா துன்னிருந்தாலும், வர்றது வந்துதான் இருக்குமா?"

"ஒவ்வொருத்தருக்கும் என்ன நடந்திருக்கும்னு தனித்தனியா சொல்ல முடியாதும்மா. ஆனா இந்த மாத்திரை அதை நிறுத்தியிருக்கும்னு நினைக்க எந்தக் காரணமும் இல்ல."

"மரியே வாழ்க!"

தேர்த் திருவிழாவில் கூவுகிற குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய ஆராய்ச்சி தோற்றுப்போனதற்கு வாழ்த்துக் கூவியவர் உலகத்திலேயே மேரியக்கா ஒருவராகத்தான் இருப்பார். டாக்டர் கிருஷ்ணவேணி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் மேரியக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன்.

"ஒக்காரு மேரி, மானத்த வாங்காத" என்று அஞ்சம்மாள் அவர் புடவையைப் பிடித்து இழுத்தார். மேரியக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அஞ்சம்மாள் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

டப்பா விவரத்தையும் அன்றைக்கே கேட்டவர்களுக்குச் சொன்னோம். மேரியக்காவின் வயிறு சொன்னது சரிதான். அவர் டப்பாவில் மருந்து, அஞ்சம்மாள் டப்பாவில் சும்மா மாத்திரை. மேரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக அதை அஞ்சம்மாளிடம் சொன்னார். "எனக்கு அப்பவே தெரியும் அஞ்சு. உன்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன். சத்தியம் பண்ணிட்டனே, இன்னா பண்ணுவேன்?"

"எனக்கும்தான் தெரியும்" என்றார் அஞ்சம்மாள்.

மேரியக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நானும்தான்.

"எரிச்சலு நின்ன அன்னைக்கே தெரிஞ்சிபோச்சு. சொன்னா நீ சத்தியத்த ஒடச்சு என் வாயில திணிச்சிருப்ப. அதான் சொல்லல. நல்ல டப்பா உன்கிட்ட கீதுன்னு நெனச்சிக்கினு, ஆபரேசன் ரூமுக்குப் போகும்போதுகூட நிம்மதியாதான் போனேன்."

அதற்குள் எல்லாருக்கும் டீயும் ஆளுக்கொரு பொட்டலம் காராபூந்தியும் வந்தன. மேரியக்கா தன் பொட்டலத்தையும் அஞ்சம்மாள் பொட்டலத்தையும் வாங்கிப் பிரித்து, கைக்குட்டையை மடியில் விரித்து அதில் ஒன்றாகக் கொட்டினார். கையால் நன்றாகக் கலந்தார்.

"இது உனக்கு" என்று பெரிய கூறை அஞ்சம்மாள் பக்கம் தள்ளினார்.

"பாதின்னா பாதி" என்று அதிலிருந்து ஒரு கை அள்ளித் திருப்பிப் போட்டார் அஞ்சம்மாள்.